அடுத்த கிழமைப் பனி

“அந்த வேதக்காரி இந்த வாசல்படி மிதிக்கக் கூடாது!” கனகலிங்கம் கத்தினான். “அவளோட மலைக்குப் போய்த்தானே என்ர மச்சான் செத்தவன்!”

“மெல்லக் கதையுங்கோ, வந்து நிக்கிறாள்” என்றாள் மனைவி சிவகௌரி.

வந்துதான் நின்றாள் மன்னார்க் கத்தோலிக்கப் பெண் டொலறஸ். சிவகௌரியின் தம்பி அருட்பிரகாசத்தோடு ஒரே ஆஸ்பத்திரியில் வேலை. இடது கையில் மாவுக்கட்டு. தொண்ணூற்றிரண்டு மாசியில், சவப்பெட்டி வரக் காத்திருந்த அந்த லண்டன் லூயிஷாம் வீட்டில் தேத்தண்ணி ஊற்றவென்று தெருத் தமிழர் பாதிப்பேர் கூடியிருந்தார்கள். மலையில் ஒரு கூடாரமா இரண்டா என்று தெரியாமல் எவரும் வீடு திரும்புவதாயில்லை.

சிவகௌரிக்குக் கூடாரம் பொருட்டில்லை. வெள்ளிக்கிழமை ஸ்கொட்லாந்திலிருந்து தம்பி போன் எடுத்தபோது டொலறஸும் பக்கத்தில் நின்றாளா என்பதுதான் அவளை அரித்தது.

“அக்கா, பனி சரியில்லை. காத்து புதுசா அள்ளிக் கொட்டியிருக்கு, இறுகேல்லை. திரும்பி வாறன். அடுத்த சனி வந்து ஏறுறன். அடுத்த ஞாயிறு பொம்பிளை பாக்கிறதைத் தள்ளி வையுங்கோ.”

“விசரே உனக்கு? மாசியில அந்த ஒரு ஞாயிறுதான் நாள் பொருந்துது. கலாவதி வீட்டார் என்ன நினைப்பினம்? ஏறுறதெண்டால் இப்பவே ஏறி முடிச்சிட்டு வா.”

மறுநாள் ஏறினான்.

கனகலிங்கம் டொலறஸை நிற்கவைத்தே விசாரித்தான்.

“பழைய பனி கண்ணாடி மாதிரிக் கிடந்தது, அண்ணை. மேல விழுந்த புதுசு அதில ஒட்டேல்லை. சரிவில கால் வைக்க, மேல குறுக்கால வெடிச்சுது. முழுத்தட்டும் வழுக்கிக்கொண்டு வந்தது. அவர் எனக்குக் கீழ நிண்டவர்.”

“ஆபத்தெண்டு அங்க ஒருத்தரும் சொல்லேல்லையோ?”

“சொன்னவை. அறிவித்தலும் ஒட்டியிருந்தது.”

“பிறகு ஆர் ஏறச் சொன்னது?”

குசினி வாசலில் கோப்பைகளின் சத்தம் நின்றது. சிவகௌரி சேலைத் தலைப்பை வாயோடு அழுத்திக்கொண்டாள். டொலறஸ் அவளை ஒருதரம் பார்த்தாள். அன்றைக்குப் போன் பெட்டிக்குள் இவளும் நெருக்கிக்கொண்டு நின்று எல்லாம் கேட்டிருக்கிறாள். அந்தப் பார்வையிலேயே தெரிந்தது.

“நான்தான், அண்ணை. நான்தான் ஏறுவமெண்டு நிண்டனான்.”

“வெளியில போடி!”

சிவகௌரி வாயைத் திறந்தாள். எல்லோரும் அவளைப் பார்த்தார்கள்.

“தேத்தண்ணியைக் குடிச்சிட்டுப் போகட்டும்” என்றாள்.

கலாவதிக்கு ஆனியிலேயே ரொறன்ரோவில் கலியாணம் முடிந்தது. டொலறஸ் ஸ்கொட்லாந்தில் இன்வர்னஸ் பக்கம் மாறிப்போய் ஒரு மலைமீட்புக்காரனைக் கட்டியதாகக் கேள்வி. வெள்ளைக்காரனா என்று மட்டும் இன்னும் சரியாகத் தெரியவரவில்லை. கனகலிங்கம் குடும்பம் ஒருவருக்கும் சொல்லாமல் ஹாரோவுக்குக் குடிபோனது. பிறகு யாழ்ப்பாணத்திலிருந்து வந்து சேர்ந்த சிவகௌரியின் கடைசித் தங்கச்சிக்குச் சம்பந்தம் பேச வந்தவர்கள், “எந்த நாள் தோது?” என்று கேட்டிருக்கிறார்கள்.

சிவகௌரி பஞ்சாங்கத்தை எடுக்கவில்லையாம். “உங்கட பிள்ளைக்கு எப்ப வசதியோ, அப்ப வாங்கோ” என்றாளாம்.