மேல் கம்பி

நைலான் கம்பி போட்ட கிட்டாரைக் கையில் வாங்கியதும் ஷெர்லினுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இது தங்கூசில்லா அண்ணாச்சி!" என்றாள். தங்கூசி என்றால் வலை பின்னுகிற நைலான் நரம்பு. மீனவர் குடியிருப்பான இனிகோ நகரில் பிறந்தவளுக்கு அது காலில் சிக்காத நாளே கிடையாது. அப்பாவின் வலையில் கிடந்ததைக் காசு கொடுத்து வாங்கி மடியில் வைத்து மீட்டுவதா? கடைக்காரர் டேவிட்சன் பொறுமையாகச் சொல்லிப் பார்த்தார். "புதுசா படிக்கவங்களுக்கு இதாம்மா நல்லது. விரல் நோவாது. ஸ்டீல் கம்பின்னா நம்ம கடக்காத்துக்குத் துரு ஏறிரும்." அவள் கேட்கவில்லை. கறுப்பு நிறத்தில் ஸ்டீல் கம்பி போட்டதைத்தான் எடுத்தாள். கிளியரிங் ஏஜென்ட் ஆபீசில் பகலெல்லாம் கண்டெய்னர் நம்பர் தட்டுகிற விரல்கள் கொஞ்சம் நொந்தால்தான் என்ன? நாற்பதை நெருங்கும் வயதில் தனக்கென்று ஆசைப்பட்டு வாங்குகிற முதல் பொருள் அது.

நொந்தது கொஞ்சமல்ல. மீனுக்கு உப்பு போட்டுப் பிசையும்போது விரல் நுனியெல்லாம் எரிந்தது. போனில் வீடியோ பார்த்துப் பழகினாள். முதல் பாடம் டி கார்டு, பல கம்பிகளை ஒன்றாக ஒலிக்கவைக்கிற ஒரு சுரக்கூட்டு. மூன்று விரலை வைத்துக் கீழ்க் கம்பிகளை மட்டும் மீட்ட வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே இருக்கிற தடித்த கம்பியில் கை படக் கூடாது. அவள் கை தவறாமல் பட்டது. துறைமுக ரோட்டு லாரி ஹாரன் மாதிரி அது குறுக்கே கத்தும்.

அவள் புருஷன் டெரன்ஸ் மாலத்தீவுக்குச் சரக்கு கொண்டுபோகிற தோணியில் என்ஜின் டிரைவர். தோணியில் சரக்கு ஏறுகிற நாட்களில் மட்டும் வீட்டில் இருப்பான். கிட்டாரைப் பார்த்ததும், "ஏளா, கோயில் பாட்டுக் குழுவுல சேரப் போறியா?" என்று கேட்டான். "இல்லங்க. சும்மாதான்." "சும்மாவா?" என்றவன் அதற்கப்புறம் அதைப் பற்றிப் பேசவில்லை. அவள் கிட்டாரை எடுத்தால் சட்டையை மாட்டிக்கொண்டு டீக்கடைக்குக் கிளம்பிவிடுவான். திட்டியிருந்தால்கூடப் பதில் சொல்லியிருப்பாள். அப்படி ஒன்று வீட்டில் இல்லாதது மாதிரி அவன் நடந்துகொண்டதுதான் அவளுக்கு வலித்தது. பாராட்டெல்லாம் வேண்டாம், இந்தத் தடவை கடலுக்குப் போகும் முன் பக்கத்தில் உட்கார்ந்து ஒரே ஒரு கார்டு கேட்டுவிட்டுப் போனால் போதும்.

போய்வருகிறேன் என்று வாயால் சொல்லத் தெரியாத மனுஷன் அவன். பயணத்துக்கு முந்தின நாள் கிரீஸ் டப்பாவைத் தூக்கிக்கொண்டு வீட்டைச் சுற்றி வருவான். கேட் கீல், ஜன்னல் கொக்கி, பீரோ பூட்டு, அவள் ஸ்கூட்டர் ஸ்டாண்டு என்று இரும்பாக இருப்பதற்கெல்லாம் பூசுவான். அவன் திரும்பி வரும்வரை எதுவும் துருப்பிடிக்கக் கூடாது.

இந்தத் தடவை அவன் கிளம்புவதற்கு முந்தின நாள் சாயங்காலம் அவள் ஆபீசிலிருந்து சீக்கிரமே வந்து, முகத்தைக்கூடக் கழுவாமல் கிட்டாரை எடுத்தாள். விரல் வழுக்கியது. ஆறு கம்பியிலும் மஞ்சளாகக் கிரீஸ் அப்பியிருந்தது.

"என்னங்க பண்ணி வச்சிருக்கீங்க!"

டெரன்ஸ் டப்பாவோடு வாசலில் வந்து நின்றான். "கம்பியெல்லாம் துரு ஏறிக் கெடந்துச்சு. நான் வாரதுக்குள்ள அத்துப் போயிரும்லா." அவள் முகத்தைப் பார்த்தான். "தப்பாப் போச்சோ?"

அவளுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. கத்துவதற்கு வாயைத் திறந்தவள், அவனுக்குப் பின்னால் கேட் கீலும் கிரீசில் பளபளப்பதைப் பார்த்தாள். இந்தத் தடவை கிட்டாரையும் கணக்கில் சேர்த்துவிட்டான். ஆத்திரம் சிரிப்பாக மாறியது; கிட்டாரோடு தரையில் உட்கார்ந்தாள்.

"உக்காருங்க" என்றாள்.

அவன் இடுப்பில் கட்டுகிற பழைய சாரத்தைக் கிழித்துக் கீழ்க் கம்பியிலிருந்து துடைத்துக்கொண்டே வந்தாள். அவன் தரையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தான். ஐந்து கம்பி சுத்தமானது. மேல் கம்பிக்கு வந்ததும் துணியைக் கீழே போட்டாள். மூன்று விரலையும் வைத்து அழுத்தி மீட்டினாள். அப்போதும் கை மேல் கம்பியில் பட்டது. ஆனால் அது கத்தவில்லை. கிரீசுக்குள் முனகி அடங்கியது. மற்றவை சேர்ந்து ஒலித்தன.

"இத்தன நாளா நீ படிச்சது இதுவா?" என்றான்.

"இதுதான்."

"இன்னொருக்க அடி."

தோணி போய்விட்டது. கேட் சத்தமில்லாமல் திறக்கிறது. வீடியோவில் அடுத்த பாடம் ஜி கார்டு, அதற்கு ஆறு கம்பியும் ஒலிக்க வேண்டும் என்றார்கள். ஷெர்லின் வீடியோவை நிறுத்திவிட்டு, மேல் கம்பியில் துடைக்காமல் விட்டிருந்த, அவன் பூசிய கிரீசை ஒருமுறை பார்த்தாள். பிறகு மறுபடியும் டி கார்டுக்கு விரலை வைத்தாள்.