விருந்துக்குப் போன காய்கறிகள்

எங்கள் ஊர்க் காய்கறிகள் சந்தைக்கு நடந்துதான் போகும்.

முள்ளுக்கரட்டுக்கு ரோடு கிடையாது. மலையிலிருந்து இறங்க ஒரு ஒற்றையடிப் பாதை உண்டு. மொத்தம் ஆறு வீடுகள். அவரை, மொச்சை, சவ்சவ், பூசணி, பச்சை மிளகாய், மலைவாழை போடுகிறோம். வியாழக்கிழமை விடிந்ததும் அவரவர் பறித்து வாசலில் வைத்துத் தண்ணீர் தெளிப்பார்கள். ஈரம் காய்வதற்குள் எல்லாம் எழுந்து நின்றுவிடும். கீழே தெக்கூர் சந்தைக்கு மூன்று மணி நேர நடை. மிளகாய் முந்தப் பார்க்கும். சவ்சவ் நிழல் கண்ட இடமெல்லாம் நிற்கும். பூசணிக்கு இறக்கத்தில் நிதானம் போதாது. வாழைத்தார் எப்போதும் கடைசி.

வாரா வாரம் போகிறவை புதியவை என்பதால் அவற்றுக்கு வழி தெரியாது. யாராவது முன்னால் நடக்க வேண்டும். பதினெட்டு வருஷமாக நான்தான் நடக்கிறேன். கஷ்டமான வேலை இல்லை. ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும். முன்னால் போகிறவள் திரும்பிப் பார்க்கக் கூடாது. அவள் திரும்பினால் பின்னால் வருகிற எல்லாமும் திரும்பி, வந்த வழியே தோட்டத்துக்குப் போய்விடும். முதல் வருஷம் ஒருமுறை தும்மல் வந்து முகத்தைத் திருப்பிவிட்டேன். ஆறு வீட்டு மொச்சையும் கொடிக்குக் கொடி ஏறி உட்கார்ந்துகொண்டது. அந்த வாரம் சந்தை இல்லை.

போன ஐப்பசியில் ஒரு செவ்வாய்க்கிழமை, ஊற்றில் தண்ணீர் எடுக்கப் போய்ப் பாசியில் வழுக்கினேன். கணுக்கால் பிசகிவிட்டது. புளிய இலையை வதக்கிக் கட்டியும் புதன்கிழமை சாயங்காலம் வரை தரையில் ஊன்ற முடியவில்லை. பக்கத்து வீட்டு அன்னக்கொடி வந்து, தான் போவதாகச் சொன்னாள். அவள் நல்லவள்தான். ஆனால் பேச்சை எடுத்தால் திரும்பி முகம் பார்த்துத்தான் பேசுவாள்.

"நான் போறேன் புள்ள," என்றார் என் வீட்டுக்காரர். அவர் பெயர் வீரணன். நாள் முழுக்க நாலு வார்த்தை பேசினால் அதிகம். திரும்பிப் பார்க்க வேண்டிய அவசியம் அவருக்கு வராது என்று எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள்.

ஒன்றை நான் யோசிக்கவில்லை. காய்கறிகள் ஆளைப் பார்ப்பதில்லை, ஆளின் காலைப் பார்த்துத்தான் வருகின்றன. காலோ பழகிய இடத்துக்குத்தான் போகும்.

பாதி வழியில் பாதை பிரிகிறது. இடது பக்கம் தெக்கூர். வலது பக்கம் புளியங்கோம்பை. அங்கேதான் இவருடைய தங்கச்சி ராக்கம்மா தனியாக இருக்கிறாள். மகளைக் கட்டிக்கொடுத்துவிட்டாள். எனக்கும் அவளுக்கும் நான்கு வருஷமாகப் பேச்சு இல்லை. இவர் மட்டும் மாதத்துக்கு ஒருமுறை, காணாமல்போன ஆட்டைத் தேடிப் போவதாகச் சொல்லிவிட்டுப் போவார். எங்களிடம் ஆடு கிடையாது. நானும் கேட்டதில்லை.

வியாழக்கிழமை மத்தியானமே இவர் கம்பை ஊன்றிக்கொண்டு தனியாக ஏறி வந்தார். வாசலில் நின்று செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சந்தை அதுக்குள்ள முடிஞ்சிருச்சா?" என்றேன்.

"எடதுபக்கம் போகணும்னுதான் நெனச்சேன். காலு போயிருச்சு."

"எங்க?"

"ராக்கு வீட்டுக்கு."

"எல்லாமா?"

"எல்லாந்தான். அது எல்லாத்துக்கும் சொம்புல தண்ணி கொண்டாந்து குடுத்திருச்சு."

அதற்கு மேல் கேட்க ஒன்றும் இல்லை. வாசலில் தண்ணீர் வாங்கிவிட்டால் விருந்தாளி. விருந்தாளியை நறுக்கவும் முடியாது, தராசில் வைக்கவும் முடியாது. அவர்களை வாரா வாரம் நடத்திப் போகிற வீட்டிலிருந்து ஒருவர் வந்து, அந்த வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டு, போயிட்டு வர்றோம் என்று சொன்னால்தான் கிளம்புவார்கள். இவர் சொன்னால் செல்லாது. அது இவர் கூடப்பிறந்தவள் வீடு. அங்கே இவர் அழைக்க வந்தவராக மாட்டார்.

சாயங்காலம் ஆறு வீட்டுக்காரர்களும் எங்கள் முற்றத்தில் வந்து உட்கார்ந்தார்கள். யாரும் இவரைத் திட்டவில்லை. எல்லோரும் என் காலைப் பார்த்தார்கள். கால் வீங்கியிருந்ததைப் பார்த்தார்களா, நான்கு வருஷமாக அது வலது பக்கம் திரும்பாததைப் பார்த்தார்களா என்று தெரியவில்லை.

"அவரைக்கா ரெண்டு நாளு தாங்கும்," என்றாள் அன்னக்கொடி. "பூசணி கவலையில்ல. மொளகாதான் வெளியிடத்துல வாடிப்போகும்."

"நாளைக்குப் போறேன்," என்றேன்.

வெள்ளிக்கிழமை காலை, ஒரு பக்கம் கம்பு, ஒரு பக்கம் இவருடைய தோள். பின்னால் யாரும் வராததால் எத்தனை முறை வேண்டுமானாலும் திரும்பிப் பார்க்கலாம் என்று பாதி வழியில்தான் உறைத்தது. பார்த்தேன். காலை வெயிலில் எங்கள் மலை அவ்வளவு பச்சையாக இருக்கும் என்று எனக்கு அதுவரை தெரியாது.

ராக்கம்மா கயிற்றுக் கட்டிலை வெளியே வேப்பமரத்தடியில் போட்டிருந்தாள். வீட்டுக்குள் இடமில்லை. பாயில் அவரைக்காய்கள் வரிசையாகக் கால் நீட்டியிருந்தன. வாழைத்தார்கள் சுவரில் சாய்ந்திருந்தன. சவ்சவ் எல்லாம் அடுப்படி நிழலில். மிளகாய்களை ரேடியோவுக்குப் பக்கத்தில் விட்டிருந்தாள். சத்தமாக ஏதோ பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. அவை வாடவில்லை. வீட்டில் இருந்த ஒரே நாற்காலியில் அன்னக்கொடி வீட்டுப் பூசணி உட்கார்ந்திருந்தது.

என்னைப் பார்த்ததும் ராக்கம்மா சொம்பை எடுத்தாள். அப்புறம் கையிலேயே வைத்துக்கொண்டாள்.

"தண்ணி குடுத்தா வாங்குவியா மதினி?"

"குடு."

குடித்தேன். இவர் வேப்பமரத்தடிக்குப் போய்விட்டார். ராக்கம்மா என் காலைத் தூக்கி ஒரு பலகைமேல் வைத்தாள். கட்டை அவிழ்த்துப் பார்த்தாள்.

"புளிய எலைய ரொம்ப வதக்கிட்ட. சாறு இருக்கணும்," என்று சொல்லிப் புதிதாகக் கட்டினாள். குனிந்தபடியே கேட்டாள்.

"எம் பேத்தி காதுகுத்துக்கு ஏன் வரல?"

"உன் அண்ணங்கிட்ட வழியில நின்னு வாய்வார்த்தையாச் சொல்லிவிட்டா போதுமா? வெத்தல பாக்கு வச்சு எனக்கு ஒரு அழைப்பு இல்லையா?"

"வச்சுக்கிட்டுத்தான் வந்தேன். தட்டோட வந்தேன். பாதை பிரியுற எடத்துல நீ தெக்கூருக்கு எறங்கிப் போயிக்கிட்டிருந்த. மதினீன்னு கூப்பிட்டேன். மூணு தடவ கூப்பிட்டேன். நீ திரும்பியே பாக்கல. மேல ஏறி வந்து வீட்டுல குடுக்கலாம்னா, உன் மொச்சையும் அவரையும் பாதைய அடச்சிக்கிட்டு ஒரு மணி நேரமா எறங்குது. ஓரமா நின்னேன். கடைசி வாழத்தாரு போறதுக்குள்ள வெயிலு உச்சிக்கு வந்திருச்சு. வெத்தல வாடிப்போச்சு. வாடின வெத்தலய உனக்கு எப்படிக் குடுக்குறது? வழியில வந்த அண்ணங்கிட்ட வாயால சொல்லிவிட்டேன்."

எனக்கு அன்றைக்கே அந்தக் குரல் கேட்டது. நான்கு வருஷமாக அது எனக்குத் தெரியும். யார் குரல் என்றும் தெரியும். சந்தை முடிந்து வந்து கேட்டுக்கொள்ளலாம் என்று நினைத்து நடந்தேன். சந்தை முடிந்து வந்தபோது இவர், "காதுகுத்தாம், ராக்கு சொல்லிச்சு," என்றார். இவரிடம் மட்டும்தானா என்று கோபம் வந்துவிட்டது. குரலை மறந்துவிட்டதாக வைத்துக்கொண்டேன்.

"திரும்பினா அதுகளும் திரும்பிரும் ராக்கு," என்றேன்.

"அது எனக்குத் தெரியாதா? நானும் அந்த மலையில பொறந்தவதான்."

"அப்புறம்?"

"எனக்காக ஒரு தடவ திரும்பியிருக்கலாம். ஒரு வாரம் சந்தை இல்லாமப் போனா என்ன?"

ரேடியோவில் பாட்டு முடிந்து யாரோ வானிலை சொன்னார்கள். மிளகாய்கள் அமைதியாகக் கேட்டன.

"திரும்பியிருக்கலாம்," என்றேன். அதைச் சொல்வதற்கு நான்கு வருஷம் ஆகும் அளவுக்கு அது பெரிய வார்த்தையாக இல்லை.

ராக்கம்மா எழுந்து அடுப்படிக்குப் போனாள். கேழ்வரகுக் களி கிண்டினாள். வீட்டில் காய் ஒன்றும் தொட முடியாது என்பதால் கருவாட்டுக் குழம்பு. எனக்கு இரண்டாவது உருண்டை வைத்தபோது வேண்டாம் என்று கையை மறித்தேன். கையைத் தட்டிவிட்டு வைத்தாள். மூன்றாவது உருண்டைக்கு நான் மறிக்கவில்லை.

சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு, போயிட்டு வர்றோம் என்று சொல்ல வாயெடுத்தேன்.

"இன்னைக்கு இருங்க," என்றாள். "கால வச்சுக்கிட்டு எங்க போற? நாளைக்கு விடியக் கெளம்பலாம். நானும் வர்றேன்."

இருந்தோம்.

சனிக்கிழமை காலை நான் எழுந்தபோது கால் ஊன்ற வந்தது. போயிட்டு வர்றோம் என்றதும் எல்லாம் எழுந்தன. பூசணி மட்டும் நாற்காலியை விட்டு எழவில்லை. மறுபடி சொன்னேன். அது அப்படியே இருந்தது.

"இருந்துட்டுப் போகட்டும் மதினி," என்றாள் ராக்கம்மா. "எனக்கும் பேச்சுத் துணைக்கு ஆச்சு."

அன்னக்கொடியிடம் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

நான் முன்னால் நடந்தேன். இவர் எனக்குப் பக்கத்தில். ராக்கம்மா தலையில் ஒரு துணி மூட்டையோடு கடைசி வாழைத்தாருக்கும் பின்னால் வந்தாள். அவ்வப்போது பின்னாலிருந்து குரல் கொடுத்தாள். "ஒரு சவ்சவ் நின்னுருச்சு, மெதுவாப் போ." "இப்ப வந்திருச்சு, போ." பதினெட்டு வருஷத்தில் முதல் முறையாக எனக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொண்டு நடந்தேன். கழுத்து லேசாக இருந்தது.

தெக்கூரில் சனிக்கிழமை சந்தை கிடையாது. கமிஷன் கடை சுல்தான் பாய் மட்டும் கடையைத் திறந்து சாக்குகளை உதறிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் ஒரு முக்காலியை என் காலுக்கு நகர்த்திப் போட்டார்.

"வியாழக்கெழம பூரா ரோட்டையே பாத்துக்கிட்டிருந்தேம்மா. என்ன ஆச்சு?"

"நாத்தனா வீட்டுல விருந்து."

அவர் ஒரு அவரைக்காயை எடுத்து ஒடிக்காமல் வெளிச்சத்தில் பார்த்தார்.

"அதான் மூஞ்சி தெளிவா இருக்கு," என்றார். எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டார். ஒன்றைக்கூடக் கழிக்கவில்லை.

திரும்பும் வழியில் பாதை பிரியும் இடத்தில் நின்றோம். வியாழக்கிழமைகளில் இங்கே வந்து நின்று, கடைசி வாழைத்தாருக்குப் பின்னால் சேர்ந்துகொள்வதாக ராக்கம்மா சொன்னாள். அப்புறம் தலைமூட்டையை இறக்கி என் கையில் வைத்தாள். அவல் என்று நினைத்திருந்தேன். கனமில்லை. துணி வெதுவெதுவென்று இருந்தது.

"வெறுங்கையோட அனுப்பக் கூடாதுல்ல. ஒரு பிற்பகல வெயிலோட முடிஞ்சு வச்சிருக்கேன். பங்குனி மாசத்தது. எனக்குக் கோம்பையில தேவைக்கு மேலயே கெடக்கு."

வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டேன். கொஞ்ச தூரம் ஏறியதும், பின்னால் யாரும் வராததால், திரும்பிப் பார்த்தேன். அவளும் பார்த்துக்கொண்டு நின்றாள். இரண்டு பேரும் கையை ஆட்டவில்லை.

அன்னக்கொடி வாசலிலேயே காத்திருந்தாள். பூசணியைப் பற்றிச் சொன்னேன்.

"அங்க வசதியா இருக்கா?"

"நாற்காலி இருக்கு."

"சரி," என்றாள்.

திங்கட்கிழமை மழை பிடித்துக்கொண்டது. விதைக்கு எடுத்து வைத்திருந்த மொச்சை காயாமல் பூஞ்சை பிடித்துவிடும் போல இருந்தது. இவர் மூட்டையைக் கொண்டுவந்து முற்றத்தில் அவிழ்த்தார். மஞ்சள் வெயில் வேலி வரைக்கும் பரவி நின்றது. வேலிக்கு அந்தப் பக்கம் மழை பெய்துகொண்டிருந்தது. சத்தம் போடாமல் ஆறு வீட்டுக்காரர்களும் முறங்களோடு வந்து தங்கள் விதைகளையும் பரப்பினார்கள். நான் காலை நீட்டி வெயிலில் வைத்துக்கொண்டேன். நல்ல வெயில்.

கொஞ்ச நேரத்தில் அந்தப் பிற்பகலின் மேற்குப் பக்கத்திலிருந்து ராக்கம்மா கோழியை விரட்டும் சத்தம் கேட்டது. நாங்கள் மொச்சையைக் கோழிக்கு எட்டாதபடி கிழக்கே தள்ளிப் பரப்பினோம்.