இரண்டாவது பிரேக்

“எனக்கு இன்னும் பழைய வண்டிதான்டா காட்டுது,” என்று அண்ணன் தன் வீட்டுக் கம்ப்யூட்டர் திரையைத் தம்பியின் பக்கம் திருப்பினார்.

அவர்களுடைய டிரைவிங் ஸ்கூல் வெப்சைட்டின் பழைய முகப்பு அது. வெள்ளை வண்டியில் சாய்ந்தபடி இருவரும் நிற்கிறார்கள், தம்பியின் தோளில் அண்ணனின் இடது கை. பக்கவாதம் வந்து அந்தக் கை மடியிலேயே கிடக்கத் தொடங்குவதற்கு முன்பு எடுத்த படம். இப்போது ஊர் உலகம் பார்க்கிற பக்கத்தில் இந்தப் படம் கிடையாது. புது வண்டி இருக்கிறது, பக்கத்தில் தம்பி மட்டும் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறான். அண்ணன் பெயரையும் எடுத்தாயிற்று.

நுணலும் தன் வாயால் கெடும். “வெப்சைட்ல புது வண்டி படம் போட்டாச்சு, பாருங்கண்ணே” என்று முந்தின நாள் போனில் பெருமையடித்தவன் அவனேதான். படத்தில் மாறியது வண்டி மட்டுமில்லை என்பது சொல்லும்போது நினைவுக்கே வரவில்லை. கூடப் பிறந்தவரை எடுத்துவிட்டு, எடுத்ததையும் மறந்துபோக எவ்வளவு மரத்த மனசு வேண்டும் என்று இப்போது தன்னையே திட்டிக்கொண்டான்.

பகையால் செய்யவில்லை, அலுப்பால் செய்தான். சேர வருகிறவர்களில் பாதிப் பேர், “படத்துல இருக்கற பெரியவர்தானே சொல்லித் தருவார்?” என்று கேட்டார்கள். ஒவ்வொருவருக்கும் ஆஸ்பத்திரிக் கதையை முதலிலிருந்து சொல்லி வாய் வலித்தது. ஒருநாள், வெப்சைட்டைப் பார்த்துக்கொள்ளும் பெண்ணிடம் “அண்ணனை எடுத்துடும்மா” என்றான். கொஞ்சம் தள்ளி உட்காரச் சொல்வதுபோல அவ்வளவு லேசாகத்தான் சொன்னான்.

“முடியாம போனவர் படத்தை இன்னுமா வச்சிருப்பாங்கன்னு உங்க அண்ணி கேட்டா,” என்று அண்ணன் சிரித்தார். சிரிப்பில் வாயின் ஒரு பக்கம்தான் ஏறியது. “என் தம்பி அப்படிப்பட்டவன் இல்லன்னு இதைத் திறந்து காட்டினேன். தினம் காலைல ஒரு தடவை பாத்துக்குவேன். வேலைக்குப் போயிட்டு வந்த மாதிரி இருக்கும்.”

டீ கொண்டுவந்த அண்ணி, தம்பியின் முகத்தைப் பார்க்காமல் கோப்பையை வைத்துவிட்டுப் போனார்.

போன் வந்ததாகச் சாக்குச் சொல்லி அவன் மாடிப்படிக்கு வந்தான். அந்தப் பெண்ணை அழைத்தான்.

“பழைய படத்தைத் திரும்பப் போடும்மா. இப்பவே.”

“அப்ப புது வண்டி சார்?”

“வண்டி கிடக்கட்டும். அண்ணன் பாக்கப் போறாரு.”

“அவர் மெஷின்ல பழசே தங்கியிருந்தா மாத்தினது தெரியாது சார். அதை அழிச்சு விட்டாத்தான் புதுசு வரும்.”

“அது தங்கியே இருக்கட்டும்,” என்றான். “நீ போடு.”

“வெளில இருக்கேன் சார். போனதும் போடறேன்.”

உள்ளே அண்ணன் கீபோர்டை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

“சும்மா ரிப்ரெஷ் பண்ணினா போதாதாம்டா, பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார். இந்த மூணு பட்டனையும் சேர்த்து அழுத்தணுமாம். காலைலேர்ந்து பாக்கறேன், ஒரு கை பத்தல. இதைப் புடிச்சா அது எட்டல. நீ அழுத்து.”

“அப்புறம் பாக்கலாம்ண்ணே. நெட் ஸ்லோவா இருக்கு.”

“நெட்டெல்லாம் நல்லாத்தான் இருக்கு. வண்டிய ஓட்டத்தான் முடியாது, கண்ணால பாக்கலாம்ல?”

தம்பி கீபோர்டை வாங்கிக்கொண்டான். வாங்காமல் என்ன செய்வது? விரல்களைப் பட்டன்கள்மேல் வைத்துவிட்டு அப்படியே இருந்தான். அவனுக்கு வண்டி ஓட்டச் சொல்லித் தந்தது அண்ணன்தான். பக்கத்து சீட்டில், கற்றுத்தருகிறவருக்கென்று இருக்கும் இரண்டாவது பிரேக்கின்மேல் காலை வைத்துக்கொண்டு, அநாவசியமாக ஒருதரம்கூட அழுத்தாமல் உட்கார்ந்திருப்பார். இவன் தயங்கினால் ஒரே வார்த்தைதான் சொல்வார்.

“என்னடா யோசிக்கற?” என்றார் அண்ணன். “நான் இருக்கேன், நீ போ.”

சட்டைப்பையில் போன் ஒருமுறை அதிர்ந்தது. எடுத்துப் பார்க்கக் கை ஒழியவில்லை. அழுத்தினான்.

திரை வெளுத்தது. முதலில் ஸ்கூலின் பெயர் வந்தது. படம் வரவேண்டிய இடம் வெள்ளையாகவே இருக்க, அண்ணன் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு முன்னால் குனிந்தார். மேசைக்கு அடியில் தம்பியின் கால், பிரேக் இல்லாத வெறும் தரையை அழுத்திக்கொண்டிருந்தது.