கூட்டத்துக்கு முன்பே எழுதிய தீர்மானம்

துணைப் பதிவாளர் அன்று காலை செருப்பை மூன்று முறை மாட்டி மூன்று முறை கழற்றினாள். வாசல் வரை போவாள், பையைத் திறந்து ஒரு காகிதத்தைத் தொட்டுப் பார்ப்பாள், திரும்பி உள்ளே வருவாள். பேருந்து ஓட்டி ஓய்வு பெற்ற அவள் கணவர் செய்தித்தாளைத் தாழ்த்திப் பார்த்தார்.

"இத்தனை ட்ரிப் நானே ஒரு காலையில அடிச்சதில்ல. எந்த ஸ்டாப்புல இறங்கப் போறே?"

"சும்மா இருங்க. திங்கட்கிழமை நேர்காணல்."

"இருபத்தெட்டு வருஷ சர்வீஸ். உன்னை விட்டா பதிவாளர் நாற்காலிக்கு வேற யாரு இருக்கா?"

அவள் பையின் வாயை இழுத்து மூடினாள். அவளை அரித்துக்கொண்டிருந்தது நேர்காணல் அல்ல.

அந்தப் பல்கலைக்கழகத்தில் ஒரு வழக்கம் உண்டு. கல்விக் குழு கூடுவதற்கு முதல் நாளே கூட்டக் குறிப்பை அவள் எழுதி முடித்துவிடுவாள். எந்தப் பேராசிரியர் எதை எதிர்ப்பார், எப்போது தொண்டையைக் கனைப்பார் என்பதுகூட அவளுக்கு அத்துப்படி. கூட்டம் முடிந்ததும் ஒரு பார்வை பார்ப்பாள், துணைவேந்தர் கையெழுத்துப் போடுவார், குறிப்பு எல்லாத் துறைகளுக்கும் போய்விடும். இத்தனை வருஷத்தில் ஒருமுறைகூடப் பிசகவில்லை.

இந்த முறை பிசகியது. பதின்மூன்றாவது விஷயத்திலேயே இரண்டு பேராசிரியர்கள் மதிப்பெண் முறையைப் பற்றி மல்லுக்கு நின்றார்கள். நேரம் போயிற்று. பதினான்காவது விஷயம், மாலை வகுப்புகளை மூடுவது. அதை அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிவைத்தார்கள். அவள் எழுதி வைத்திருந்ததோ, 'விவாதித்து ஏற்கப்பட்டது'. மாற்ற மறந்தே போனாள்; குறிப்பும் அப்படியே கையெழுத்தாகி எல்லாத் துறைகளுக்கும் போய்விட்டது. பகலில் வேலைக்குப் போகிறவர்கள் மாலையில் படிக்கும் வகுப்புகள் அவை. ஒரு வார்த்தை விவாதம் இல்லாமல் மூடப்பட்டுவிட்டன.

திருத்த ஏழு நாள் அவகாசம். ஏழாம் நாள் இன்றுதான், மாலை ஐந்து மணியோடு சரி.

அலுவலகம் போனதும் நேரே துணைவேந்தர் அறைக்குப் போய்ச் சொன்னாள். அவர் சிரித்தார்.

"எப்படியும் மூடத்தான் போறோம். உங்க கை கொஞ்சம் முந்திக்கிச்சு, அவ்வளவுதான். விடுங்க மேடம்."

"குழு முடிவு பண்ணலையே சார்."

"அஞ்சு மணி தாண்டிட்டா முடிவு பண்ண மாதிரிதான். திங்கட்கிழமை தேர்வுக் குழுவுக்கு நான்தான் தலைவர். நிம்மதியா தூங்கிட்டு வாங்க."

அதற்குப் பிறகு அவளால் உட்கார முடிந்ததா என்றால், எங்கே? தண்ணீர் குடித்தாள், குடித்ததை மறந்து மறுபடி குடித்தாள். கோப்புகளை அடுக்கினாள், கலைத்தாள். ஜன்னலுக்குக் கீழே மாலை வகுப்புச் சேர்க்கை கவுன்டர் மூடிக் கிடந்தது. வேலைச் சீருடையோடு வந்த ஒருவர் கதவில் ஒட்டிய அறிவிப்பை விரல் வைத்துப் படித்தார். படித்து முடித்தும் போகவில்லை. பூட்டை ஒருமுறை ஆட்டிப் பார்த்துவிட்டுத்தான் போனார்.

மணி நாலே கால். பையிலிருந்து அந்தத் திருத்தக் காகிதத்தை எடுத்து எழுத்தரிடம் கொடுத்தாள். எழுத்தர் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினாள்.

"மேடம், 'நான் முன்கூட்டியே எழுதி, திருத்த மறந்துவிட்டேன்'னு இருக்கு."

"ஆமா."

"கம்ப்யூட்டர் மேல போட்டுடலாமே. அது வந்து மறுக்கவா போகுது?"

"அது பாவம், சொன்னதைத்தான் அடிச்சுது. எல்லாத் துறைக்கும் அனுப்பும்மா."

நாலே முக்காலுக்குத் தொலைபேசி அடித்தது. துணைவேந்தர் குரலில் காலையில் இருந்த சிரிப்பு இல்லை.

"அனுப்பிட்டீங்க போலிருக்கு."

"அனுப்பிட்டேன் சார்."

"திங்கட்கிழமை வர்றீங்களா?"

அவள் ஒரு கணம் ஜன்னலைப் பார்த்தாள். "வர்றேன் சார். கூப்பிட்டிருக்கீங்களே."

எதிர்முனையில் ரிசீவரை வைக்கும் சத்தம் கேட்டது. நாற்காலி போயிற்று என்று அவளுக்கு விளங்கிவிட்டது. எழுந்து இரண்டு நடை நடந்தாள்.

எழுத்தர் தலையை நீட்டினாள். "மேடம், அடுத்த மாசக் கூட்டக் குறிப்பை வழக்கம்போல இன்னிக்கே ஆரம்பிச்சுடட்டுமா?"

"தலைப்பும் தேதியும் மட்டும் அடிச்சு வை," என்றாள் துணைப் பதிவாளர். "மிச்சத்தை அவங்க பேசட்டும்."