கம்பியின் வால்

துக்க வீட்டில் கண்ணை எங்கே வைப்பது என்று நேசகுமாருக்குத் தெரியவில்லை. எங்கே வைத்தாலும் அது நழுவிப் போய்ச் சுவரில் தொங்கிய பேஸ் கிட்டாரிடமே நின்றது. யாரோ அதைப் பழைய போர்வையில் தலையோடு சுற்றிச் சணல் கயிற்றால் கட்டியிருந்தார்கள். அடிப்பாகம் மட்டும் ஒரு சாண் வெளியே தெரிந்தது. அதை வாசித்தவரைப் பெட்டியில் வைத்து மூடியபோது அவன் இல்லை. மூடி வைத்ததில் அவன் பார்த்தது இது ஒன்றுதான்.

செவ்வாய்க்கிழமை வேலூர் ஆஸ்பத்திரியில் கிருபானந்தம் இறந்துபோனார். மறுநாள் சித்தூரில் அடக்கம். ரேணிகுண்டாவில் நூல் மில்லில் இரவு ஷிப்டு பார்க்கும் நேசகுமாருக்கு ரயிலில் கார்டாகப் போகும் தெரிந்த ஒருவர் மூலம் சேதி வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. இன்று சனிக்கிழமை. ஷிப்டு விட்டதும் அப்படியே திருப்பதிக்குப் போய், பாசஞ்சர் பிடித்து, பாகாலா வழியாக வந்து இறங்கியிருந்தான். காது மடலில் இன்னும் பஞ்சு ஒட்டியிருந்தது. துக்கம் விசாரிக்கத்தான் வந்தான். அது பாதி. மறு பாதி அந்தப் போர்வைக்குள் இருந்தது.

கிருபானந்தத்தின் மனைவி தபீதாள் கதவோரம் தரையில் உட்கார்ந்திருந்தாள். அழுது முடித்த முகம். நாற்காலியில் இருந்தவர் சபைப் பாடகர் குழுவை நடத்தும் இயேசுதாசன். எழுந்து போகும் எண்ணத்தோடு குடையை மடியில் வைத்துக்கொண்டு, எழுந்து போகாமலே இருந்தார்.

"அடக்கத்துக்கு ஏன்டா வரல?"

"சேதியே லேட்டா தாண்ணா வந்துது."

"ஆஸ்பத்திரிக்கும் வரலியே. மூணு வாரம் கெடந்தான் மனுசன்."

இயேசுதாசன் குடையின் பொத்தானைப் போட்டுக் கழற்றினார்.

"கல்லறைல நாலு பாட்டு பாடினோம். பேஸ் இல்லாமலே நல்லாத்தான் இருந்துது. ஒருத்தனும் கேக்கல, எங்கடா அந்த 'டும் டும்'னு."

ஆறுதலாகத்தான் சொன்னார் போலிருக்கிறது. தபீதாள்கூடத் தலையாட்டினாள். அவர் போன பிறகு வீட்டில் மின்விசிறிச் சத்தம் மட்டும் இருந்தது. பிள்ளைகள் இல்லாத வீடு. முன்பெல்லாம் நேசகுமார் வந்தால் அவள் சமையற்கட்டிலிருந்தே கத்துவாள்: "உங்க மூத்த சம்சாரத்தப் பாக்க ஆள் வந்துகீது, எழுந்து வாங்க." மூத்த சம்சாரம் என்பது கிட்டார்.

கிருபானந்தம் கலெக்டர் ஆபீசில் டைப்பிஸ்ட். ஞாயிறு காலை ஆலயத்தில், பாட்டுக்கு அடியில் கனத்த ஒலி போடும் பேஸ் வாசிப்பார். நேசகுமார் பி.யு.சி.யைப் பாதியில் விட்டவன். திருப்பதியில் கல்யாணக் கச்சேரிகளில் யாராவது வராமல் போனால் கூப்பிட்டு அனுப்பும் ஆள். அந்த ஜில்லாவில் பேஸ் கிட்டார் வைத்திருந்தவர்கள் எத்தனை பேர் என்று இருவரும் ஒருமுறை பேசிப் பார்த்ததில், தங்களைத் தவிர ஒருவரும் தேறவில்லை. மாதத்தில் ஓரிரு முறை பாகாலா ஸ்டேஷனில் சந்திப்பார்கள். அவர் சித்தூரிலிருந்து வருவார், இவன் திருப்பதியிலிருந்து. பிளாட்பாரத்து டீக்கடையில் ஒரு டிரான்சிஸ்டர் பாடிக்கொண்டே இருக்கும். சின்னப் பெட்டி, பாட்டு வரும், வயலின் வரும், பேஸ் மட்டும் வராது. அதுதான் அவர்களுக்கு வசதி. வராத பேஸை இருவரும் வாயால் போடுவார்கள்.

"இந்த எடத்துல எறங்கி வருவான் பாரு, டும்... டுடும்..." என்பார் கிருபானந்தம்.

"எறங்க மாட்டான்ணா, அங்கியே நிப்பான். நின்னாதான் மேல பாடறவன் ஆடலாம்."

"நீ மெட்ராசு ஸ்டூடியோவுல ஒக்காந்து பாத்தியா?"

"நீங்க பாத்தீங்களா?"

டீக்கடைக்காரன் இரண்டு பேரையும் பைத்தியங்கள் என்றே முடிவு கட்டியிருந்தான். பிறகு எங்காவது நல்ல ஸ்பீக்கரில் அந்தப் பாட்டு கேட்கும், இருவருமே தோற்றிருப்பார்கள். ஸ்டூடியோக்காரன் மூன்றாவதாக ஏதோ செய்திருப்பான். அன்றைக்குத்தான் இருவருக்கும் அதிக சந்தோஷம்.

மற்ற எல்லாவற்றிலும் சண்டை. அவர் விரலால் மீட்டுவார், இவன் பிளாஸ்டிக் துண்டால். அவருடையது கல்கத்தாவில் செய்த கிட்டார், கழுத்து குட்டை, கனம் அம்மிக்கல். இவனுடையது அரக்கோணத்து ஆங்கிலோ இந்தியர் ஒருவர் ஆஸ்திரேலியாவுக்குக் கப்பல் ஏறும்போது விட்டுவிட்டுப் போனது. கழுத்து அத்தனை நீளம், பஸ்ஸில் கொண்டுபோனால் கண்டக்டர் அதன் தலையை ஜன்னலுக்கு வெளியே நீட்டச் சொல்வார். கம்பி பழசாகி மந்தமானால்தான் பேஸ் என்பார் கிருபானந்தம். கண்ணாடித் தம்ளரைத் தட்டினது போலக் கேட்கணும் என்பான் நேசகுமார்.

சண்டை போடக் கம்பி வேண்டுமே. நல்ல கம்பி எங்கும் கிடைக்கவில்லை. நேசகுமார் தடித்த கம்பிக்குப் பதிலாகச் சைக்கிள் பிரேக் ஒயரைப் போட்டு ஒரு வருஷம் ஓட்டினான், அது தவளை போலக் கத்தியது. அந்த நேரத்தில்தான் சிங்கப்பூரிலிருந்து வந்த தபீதாளின் தம்பி ஒரு செட் கம்பி கொண்டுவந்தான். நான்கு கம்பி. கிருபானந்தம் அதை எடுத்துக்கொண்டு நேராகப் பாகாலா வந்தார்.

"ஞாயித்துக்கெழம எனக்கு. முகூர்த்த நாள் ஒனக்கு. இன்னா சொல்ற?"

"கழட்டிக் கழட்டி மாட்டினா ஒடிஞ்சிடும்ணா."

"ஒடியற வரிக்கும் வாசிப்போம்."

அப்போது ஒரு சட்டம் போட வேண்டி வந்தது. போட்டது நேசகுமார். கம்பியை மாட்டியதும் முறுக்காணிக்கு வெளியே மிஞ்சும் வாலை எல்லோரும் நறுக்கிவிடுவார்கள். அவருடைய குட்டைக் கழுத்துக்கு ஏற்ப நறுக்கினால், இவனுடைய நீளக் கழுத்துக்குக் கம்பி எட்டாது. "வாலு மேல கைய வெக்காதீங்கண்ணா" என்றான். அவர் வைக்கவில்லை. அவருடைய கிட்டாரின் தலையில் நான்கு கம்பிகளின் வாலும் பூனை மீசை போல நீட்டிக்கொண்டு நிற்கும். ஆலயத்தில் சின்னப் பெண்கள் அதைக் காட்டிச் சிரிப்பார்கள். ஒருமுறை இயேசுதாசனின் அங்கியில் மாட்டிக் கிழித்திருக்கிறது.

கம்பி கை மாறும் ஒவ்வொரு முறையும் அதை வேகவைப்பார்கள். விரல் வியர்வையும் அழுக்கும் சுற்றுக்குள் ஏறிச் சத்தம் மங்கிவிடும். சோடா உப்புப் போட்டுக் கொதிக்கவிட்டால் புதுசு போல ஆகும். அவர்கள் வீட்டில் அதற்கென்று பாத்திரம் கிடையாது. "ரசம் வெக்கிற சட்டியில இரும்ப வேக வெக்கிற குடும்பம் ஊருல வேற எங்கனா கீதா?" என்று தபீதாள் தெருவுக்கே கேட்கும்படி கேட்பாள்.

ஈஸ்டருக்கு முந்தின லெந்து தவக் காலத்துக்காக மாசியில் கம்பி சித்தூருக்குப் போயிற்று. ஈஸ்டர் வந்து போயிற்று. கம்பி திரும்பவில்லை. நேசகுமார் கார்டிடம் இரண்டு தடவை சொல்லி அனுப்பினான். சுகர் ஏறி வேலூரில் படுத்திருக்கிறார் என்று பதில் வந்தது. சுகர் யாருக்குத்தான் இல்லை என்று நினைத்தான். தம்பி கொண்டுவந்தது, அவர் வீட்டுச் சொத்து, வைத்துக்கொள்ள மனசு வந்துவிட்டது என்றும் நினைத்தான். பகலெல்லாம் தூங்கி இரவெல்லாம் நூல் முடி போடுகிறவனுக்கு இப்படி நினைக்க நேரம் நிறைய உண்டு.

நேற்று அவன் மேல் இன்னொரு பாரமும் விழுந்தது. திருப்பதியில் பெரிய கச்சேரிக் குழு நாகபூஷணத்துடையது. அவருடைய பேஸ்காரன் ஹைதராபாத் போய்விட்டான். நாகபூஷணம் ஆள் விட்டு நேசகுமாரை அழைத்தார்.

"ஆதிவாரம் ரிசப்ஷன். வாசி, பாக்கறேன். நச்சிதே பெர்மனென்ட். கானி ஏமய்யா, அந்தத் தவளக் கம்பியோட வராத."

பிடித்துப்போனால் மில்லை விட்டுவிடலாம். இரவில் தூங்கலாம். ஆதிவாரம் என்றால் நாளைக்கு.

"அண்ணி" என்றான் நேசகுமார். "கேக்கற நேரம் இல்ல இது."

தபீதாள் நிமிர்ந்து பார்த்தாள். அவன் கண் எங்கே போகிறது என்று முன்பே பார்த்திருப்பாள் போல.

"கம்பி தான? எடுத்துக்க. எனக்கெதுக்கு."

அவளே எழுந்து கிட்டாரை இறக்கினாள். கனம் அவளைச் சாய்த்தது. அவன் ஓடிப்போய்த் தாங்கினான். பாயில் வைத்துச் சணல் முடிச்சை அவிழ்த்தான். போர்வை விலகியதும் பழக்க தோஷத்தில் கை நேராகத் தலைக்குப் போயிற்று. மூன்று வால்கள் கையில் உராய்ந்தன. நான்காவது இல்லை.

குனிந்து பார்த்தான். எல்லாவற்றிலும் தடித்த கம்பி. முறுக்காணியை ஒட்டி மொட்டையாக நறுக்கியிருந்தது. வெட்டுவாய் புதுசாக மின்னியது.

அவனுக்குக் காது சூடாயிற்று. நாளைக் கச்சேரி, நாகபூஷணம், மில், எல்லாம் அந்த மொட்டை முனையில் வந்து நின்றன. மெல்லிசான மூன்றையும் வெளியில் எப்படியாவது தேடிவிடலாம். இதை முடியாது. அது தெரிந்தவர் ஒருவர்தான்.

"வெட்டிட்டாரா" என்றான். "சொல்லாமகூட வெட்டிட்டாரா. வேணாம், குடுக்க இஷ்டம் இல்லன்னு சொல்லியிருந்தா நான் இன்னா சண்டையா போட்டிருப்பேன்? இவ்ளோ நாளு பழகினதுக்கு..."

துக்க வீட்டில் தன் குரல் எவ்வளவு உயர்ந்துவிட்டது என்று அவனுக்கே கேட்டது. நிறுத்திக்கொண்டான்.

தபீதாள் கோபப்படவில்லை. பாயின் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"அவுரு எங்க வெட்டினாரு? நான்தான் வெட்டினேன்."

அவன் கட்டைவிரல் அந்த மொட்டை முனைக்குப் போயிற்று.

"மார்ச்சு மாசம். பிராக்டீசுக்குப் போகணும்னு சுதி சேத்துக்கினு இருந்தாரு. அந்த முனை நகக்கண்ணுல ஏறிச்சி. இந்த வெரலு." தன் இடது ஆள்காட்டி விரலை நீட்டிக் காட்டினாள். "சப்பிட்டு வாசிக்கப் போயிட்டாரு. முள்ளு குத்தினா மாதிரி தான். ஆனா சுகர் ஒடம்பு. ஆபீசுல மார்ச்சுக் கணக்கு, லீவு குடுக்கல. அதே வெரலால டைப்பு அடிச்சிகினு இருந்தாரு. மணிக்கட்டு வரிக்கும் வீங்கிப் போச்சி. வேலூருக்குக் கூட்டினு போனா, அன்னிக்கே வெரல எடுத்துட்டாங்க. அப்புறம் கைய எடுக்கலாமானு பேசிக்கினு இருந்தாங்க. அதுக்குள்ள ரத்தத்துல ஏறிடுச்சி."

வெளியே தெருவில் யாரோ தெலுங்கில் கத்தரிக்காய் கூவிக்கொண்டு போனார்கள். அவள் அது கடந்து போகும்வரை காத்திருந்தாள்.

"கை வீங்கின அன்னிக்கு எனக்குக் கோவம் வந்துட்ச்சி. கொறடு எடுத்து, குத்தின கம்பிய நறுக்கிப் போட்டேன். மத்ததையும் நறுக்கியிருப்பேன். அடிக்க வந்துட்டாரு நேசா. பதினாலு வருசத்துல கை ஓங்கினது இல்ல. வீங்கின கையத் தூக்கிகினு வந்தாரு. 'நேசன் கிட்டாருக்கு இனிமே எட்டாதேடி, இன்னா காரியம் பண்ணி வெச்ச'ன்னாரு."

நேசகுமார் அந்த மொட்டை முனையின் மேல் கட்டைவிரலை வைத்திருந்தான். எடுக்கத் தோன்றவில்லை.

"ஆஸ்பத்திரிலியும் அதே பேச்சு தான். 'அவன் வந்தா எப்டி சொல்றது'ன்னுவாரு. வெரல் போனதப் பத்திக் கவலயே இல்ல. மூணு வெரல் போதும் பேஸுக்கு, நேசன் ஒத்துக்க மாட்டான், ஆனா போதும்னு சொல்லிச் சிரிப்பாரு. நீ வருவ வருவன்னு பாத்தாரு."

"அண்ணி..."

"ஒம்மேல பழி சொல்ல வரல. நீ கேட்ட, சொன்னேன்."

அவள் கிட்டாரைத் தன் பக்கம் இழுத்து முறுக்காணிகளைத் தளர்த்தினாள். எத்தனை முறை பார்த்திருக்கிறாள். எந்தப் பக்கம் திருப்புவது என்று தேட வேண்டியிருக்கவில்லை. கம்பிகள் ஒவ்வொன்றாக முனகி விட்டுக்கொடுத்தன. நான்கையும் வளையமாகச் சுருட்டிக்கொண்டு எழுந்தாள்.

"வேணாம் அண்ணி. நாளைக்குக் கச்சேரிக்கு நான் போகல."

கேட்டாளோ இல்லையோ. சமையற்கட்டில் பாத்திரம் உருளும் சத்தம் வந்தது, பிறகு ஸ்டவ் சத்தம். அவன் சமையற்கட்டு வாசற்படியில் போய் நின்றான். அடுப்பில் அதே ரசச் சட்டி. அவள் டப்பாவைத் திறந்து சோடா உப்பைக் கிள்ளிப் போட்டாள், கண்ணளவுதான். கம்பிகளை உள்ளே அமுக்கினாள்.

சாப்பிட்டாயா என்று அவள் கேட்கவில்லை. அவனும் போய் வருகிறேன் என்று சொல்லவில்லை. ஸ்டேஷன் பக்கமிருந்து திருப்பதி பாசஞ்சர் ஊதியது. தண்ணீர் கொதிக்கத் தொடங்கிற்று. தெளிவாக இருந்தது மெல்லக் கலங்கி, பழுப்பாகி, கறுத்தது. இரண்டு பேர் விரலிலிருந்தும் ஏறிய அழுக்கு. மூன்று வால்கள் சட்டி விளிம்பைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டு, கொதிப்புக்குத் தகுந்தபடி நடுங்கின. நான்காவது வெளியே தெரியவில்லை. அடியில் கிடந்து சட்டியைத் தட்டிக்கொண்டிருந்தது.