பதில் பாட்டு

ஒற்றைக் கைக்கு ஏற்ற வேலை என்று மிம்பாவைக் கோடாலியோடு கரும்பாலைக்குப் பக்கத்தில் நிறுத்தியிருந்தார்கள். மூன்று அறுவடைக்கு முன்னால் அவள் இடது கையை உருளைகள் இழுத்தபோது வெட்டிய அதே கோடாலி. யார் கை மாட்டினாலும் உடனே வெட்டிவிட வேண்டும். செக்கு மாடுகளை நிறுத்தி உருளைகள் ஓய்வதற்குள் ஆளே உள்ளே போய்விடும்.

இன்று கரும்பு ஊட்டுகிறவள் குவாஷேபா. இருவரும் ஆப்பிரிக்காவிலிருந்து ஒரே கப்பலில் அடிமைகளாக ஜமைக்காவில் கொண்டுவந்து இறக்கப்பட்டவர்கள். இங்கே அது கூடப்பிறந்த உறவுக்குச் சமம். குவாஷேபா பிள்ளை பெற்று எட்டு நாள்தான் ஆகிறது. ஆள் போதவில்லை என்று துரை அவளை விடியும்போதே இழுத்து வரச் சொல்லிவிட்டான். குழந்தை சக்கைக் குவியலின் நிழலில் கிடந்தது.

"கப்பலக்கா, விருந்தாளி தூங்குறாளா பாரேன்."

ஒன்பதாம் நாள்தான் பெயர். அதுவரை குழந்தை விருந்தாளி. இருந்தாலும் இருக்கும், வந்த வழியே போனாலும் போகும். குவாஷேபாவின் முதல் இரண்டு விருந்தாளிகளும் ஏழு நாள் தாண்டவில்லை.

"தூங்குறா, உன்னை மாதிரியே வாயைப் பொளந்துகிட்டு. நீ முன்னால பாருடி."

"நாளைக்குப் பேர் வைக்கறப்போ நீதான் தூக்கணும்."

"ஒத்தக் கையாலயா? கீழ போட்டா என்னைத் திட்டக் கூடாது."

"என் கையில ஒண்ணு இரவல் தர்றேன், போதுமா?"

கங்காணி கட்ஜோ சாட்டையைத் தரையில் தட்டினான். "வாய் போதும். பாட்டு எங்க?"

ஊட்டுகிறவள் கண் அசராமல் இருக்கத்தான் பாட்டு. கோடாலி பிடித்தவள் கேட்க, ஊட்டுகிறவள் பதில் பாட வேண்டும். பதில் வராவிட்டால் கை மாட்டிவிட்டது என்று அர்த்தம்; உடனே கோடாலி.

"கரும்பு எங்க போகுது?"

"கப்பலேறிப் போகுது."

"நாம எங்க போறோம்?"

பதில் இல்லை. மிம்பா கோடாலியை ஓங்கிவிட்டாள். பார்த்தால், குவாஷேபா சக்கைக் குவியல் பக்கம் தலையைத் திருப்பிக்கொண்டு நிற்கிறாள். குழந்தை சிணுங்கியிருக்கிறது. பால் கசிந்து சட்டை நனைந்திருந்தது.

"அடியே! வெட்டியிருப்பேன்டி!"

"நல்லா இருக்கற கையை வெட்டப் பாத்தியே, பாவி!" குவாஷேபா சிரித்தாள். மிம்பாவும் சிரித்தாள். கங்காணிக்கே சிரிப்பு வந்துவிட்டது.

வெயில் உச்சிக்கு ஏறியது. குழந்தை மறுபடி சிணுங்கியது.

"நாம எங்க போறோம்?"

பதில் இல்லை. பிள்ளையைத்தான் பார்க்கிறாள் என்று நினைத்து மிம்பாவும் சக்கைக் குவியலைப் பார்த்தாள். ஒரு மூச்சு விடும் நேரம். அலறல் கேட்டுத் திரும்பியபோது குவாஷேபாவின் வலது கை முழங்கையைத் தாண்டி உருளைக்குள் போயிருந்தது. தோளை ஒட்டித்தான் வெட்ட முடிந்தது.

காய்ச்சும் கொப்பரைக்கு ஓடிய சாறு சிவந்திருந்தது. துரை அதை நிறுத்தச் சொல்லவில்லை.

மறுநாள் மாலை, குடிசையில், குழந்தையின் நாக்கில் ஒரு சொட்டு தண்ணீரும் ஒரு சொட்டு ரம்மும் தொட்டுவைத்து, "பிபா" என்றாள் மிம்பா. வெள்ளிக்கிழமை பிறந்தவளுக்கு அந்தப் பெயர்தான். பிறகு காய்ச்சலில் கிடந்தவளின் மார்போடு குழந்தையைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

"கப்பலக்கா... நான் பதில் பாடலை, இல்ல?"

"இல்ல."

"நீ உடனே வெட்டிட்டியா?"

குழந்தை சப்பத் தொடங்கியிருந்தது.

"உடனே வெட்டிட்டேன்டி."

"அப்போ சரி." குவாஷேபா கண்ணை மூடிக்கொண்டாள்.

மிம்பாவுக்குக் கை கடுத்தது. மாற்றிப் பிடிக்க இன்னொரு கை இல்லை. அப்படியே உட்கார்ந்திருந்தாள்.