டிரையர் கேட்டால் நீரூற்று

மருத்துவமனைச் சலவைப் பிரிவின் மேற்பார்வையாளர் அம்மாள் கேட்டது, துணி உலர்த்த ஒரு டிரையர். நிர்வாகக் குழு அனுமதித்தது ஒரு நீரூற்று. ஆணைக் காகிதத்தை அவள் மூன்று முறை திருப்பிப் பார்த்தாள், பின்பக்கத்திலாவது டிரையர் இருக்குமோ என்று.

குழுவைக் குறை சொல்ல முடியாது. போன வார இணையக் கூட்டத்தில் அவள் காட்டிய அறுபத்து மூன்று ஸ்லைடுகளும் அவள் கணவரின் கைவண்ணம். தன் அலுவலகத்தில் 'ஸ்லைடு சக்கரவர்த்தி' என்று பேரெடுத்தவர். அவர் போடும் ஒவ்வொரு எழுத்தும் வானத்திலிருந்து குதித்து, மூன்று பல்டி அடித்து, மூச்சு வாங்கிய பிறகுதான் உட்காரும். தலைப்பு முழுசாக வந்து சேர்வதற்குள் குழுவில் ஒருவருக்குத் தாடியே முளைத்துவிட்டது. எல்லோரும் கைபேசியில் பார்த்தார்கள். எழுத்தோ, எறும்பும் கண்ணாடி மாட்டிக்கொண்டு படிக்க வேண்டிய அளவு. பின்னணிக்குப் போட்ட நீரூற்று மட்டும் பளிச்சென்று தெரிந்தது. படிக்க முடியவில்லை என்று ஒத்துக்கொள்ள யாருக்கு மனசு வரும்? "ரொம்பத் தெளிவு" என்று ஆளுக்கொரு தரம் சொல்லிவிட்டு, கண்ணுக்குத் தெரிந்ததற்கு அனுமதி கொடுத்துவிட்டார்கள்.

இருந்த இரண்டு டிரையரில் ஒன்று போன மாதமே கண்ணை மூடிவிட்டது. மற்றது இருமிக்கொண்டிருந்தது. அதுவும் நின்றால் ஆபரேஷன் அறைக்கு உலர்ந்த துணி கிடையாது. கெஞ்சிக் கூத்தாடி, இன்று மாலை நான்கு மணிக்கு மறுபடி ஒரு இணையக் கூட்டத்துக்குக் குழுவிடம் பத்து நிமிடம் வாங்கியிருந்தாள்.

மதியமே கணவர் போன் செய்தார்.

"ஏம்மா, இந்தத் தடவை மயில் போடட்டா? தோகையை விரிச்சா உள்ளேயிருந்து டிரையர் வரும்."

"ஏங்க, கம்ப்யூட்டர் பக்கம் வந்தீங்கன்னா உங்களையே டிரையர்ல போட்டுச் சுத்திடுவேன்."

"அதுதான் ஓடலையே!"

"அதைச் சொல்லத்தானே எனக்கு அறுபத்து மூணு ஸ்லைடு போட்டீங்க!"

டக்கென்று போனை வைத்துவிட்டார்.

அவள் செத்த டிரையரைப் படமெடுத்தாள். அதன் வாய் திறந்திருந்தது. முன்னால் ஈரப் போர்வைகள் மலையாகக் கிடந்தன. கீழே கொட்டை எழுத்தில் ஒரே வரி: 'இது நின்றுவிட்டது. அடுத்ததும் நின்றால் ஆபரேஷன் நிற்கும்.'

நான்கு மணிக்கு அதைக் காட்டினாள். மருத்துவமனை இயக்குநர் திரையருகே முகத்தைக் கொண்டுவந்தார்.

"என்னம்மா இது, படிக்க முடியுது?" அதில் ஒரு குற்றச்சாட்டே இருந்தது.

"ஆமாங்க."

"அடுத்த ஸ்லைடு?"

"இவ்வளவுதாங்க."

குழுவுக்கு வியர்த்தது. படிக்க முடிந்தால் பதில் சொல்ல வேண்டுமே! கேமராவை அணைத்துவிட்டுத் தூங்கும் கொள்முதல் அதிகாரிகூட விழித்துக்கொண்டு, "அடுத்தது எப்போ நிக்கும்?" என்றார். பதினொரு வருஷத்தில் அவர் கேட்ட முதல் கேள்வி அது.

"இப்பவே நின்னாலும் ஆச்சரியமில்லைங்க."

"நாளைக்கு எனக்கு ஆறு ஆபரேஷன்," என்று சீறினார் தலைமை மருத்துவர். "ஈரத் துணியைச் சுத்திக்கிட்டு நிக்கவா?"

இரண்டே நிமிடத்தில் டிரையர் கிடைத்தது. இயக்குநர் தொண்டையைச் செருமினார்.

"ஒரு விஷயம்மா. ஃபைல்ல வைக்க ஒரு ஸ்லைடு பத்தாது. விதிப்படி நாற்பது வேணும். இல்லேன்னா யோசிக்காம முடிவெடுத்துட்டோம்னு சொல்லுவாங்க. மீதியை அனுப்பினாத்தான் கையெழுத்து."

அவள் வீட்டுக்குப் போன் போட்டாள்.

"ஏங்க, கோபமா?"

"எனக்கென்ன கோபம்? நான் யாரு இந்த வீட்டுல?"

"முப்பத்தொன்பது ஸ்லைடு வேணும். ஒருத்தரும் படிக்கப் போறதில்லை. உங்களை விட்டா எனக்கு ஆளு ஏது?"

"ஒருத்தருமேவா?" என்றார். "அப்போ மயிலும் போடலாம்! அரை மணி நேரம் குடு."